பின்னால் வருபவருக்கான விளக்கு

மூன்று மாதமாக என் எழுதும் மேசையின் ஓரத்தில் ஒரு டெயில் லைட் கிடக்கிறது. எங்கள் பிக்கப் வண்டியின் வலது பக்கத்துப் பின்விளக்கு. பரீட்சைத் தாள் திருத்தும்போது கை பட்டு நகரும். எடுத்து நேராக வைப்பேன். தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. அதன் பின்புறத்தில் போல்ட் மாட்டுவதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிளாஸ்டிக் காதுகள் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை. மேல் காது இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பசை ஒரு சின்னக் கரையான் புற்று மாதிரி இறுகிக் கிடக்கிறது. அது என் கைவேலை.

வண்டி என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது சித்தப்பா பையன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சாயங்காலம் காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டு விடியற்காலையில் திரும்புவான். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வண்டிக்கு முதலாளி. ஆனால் எதையும் பழுது பார்த்துப் பயன்படுத்த வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அப்பாவிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டு மிக்சியும் மின்விசிறியும் என் கையால் இரண்டு மூன்று ஆயுள் வாழ்ந்தவை. இதைப் பற்றி வகுப்பில் பிள்ளைகளிடம் பெருமையாகப் பேசியும் இருக்கிறேன்.

ஐப்பசியில் ஒருநாள் தம்பி போன் செய்தான்.

"ணா, ரிவர்ஸ் எடுக்கையில மேடையில லேசா இடிச்சிருச்சு. வலது டெயில் லைட் மேல் காது ஒடிஞ்சு போச்சுங்ணா. லைட்டு எரியுது. புது செட் போட்டுரட்டுமா?"

"எவ்வளவு ஆகும்?"

"ஆயிரம் ரூபாய்க்குள்ளதான்."

"ஒரு காதுக்கா ஆயிரம்? ஞாயித்துக்கிழமை கொண்டாடா, நான் பாத்துக்கறேன்."

பார்த்தேன். உடனடிப் பசையால் காதை ஒட்டி, மேலே இரண்டு பொருளைப் பிசைந்து வைக்கும் எபாக்சியை அப்பி, பத்தாததற்கு ஒரு கேபிள் டையைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். இருபது நிமிட வேலை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. "பாத்தியா?" என்று தம்பியிடம் காட்டினேன். அவன் சிரித்தான்.

மார்கழி நடுவில் ஓர் இரவு, பழனியைத் தாண்டிய மேட்டுச் சாலையில் வண்டி முழு லோடோடு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பனி. தார்ப்பாயின் ஓரம் தொங்கி, பின்கதவில் இருந்த ஒளிரும் பட்டையைப் பாதிக்கு மேல் மறைத்திருந்தது. நூற்பாலையில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் பைக்கில் வந்து வண்டியின் வலது பின்மூலையில் மோதினார். தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. தலைக்கவசம் அணிந்திருந்ததால் உயிர் தப்பியது.

மருத்துவமனையில் அவர் சொன்னது இதுதான்: "முன்னால ஒரே ஒரு செவப்பு லைட்டுதாங்க தெரிஞ்சுது. ஓரமா ஏதோ மொபெட் போகுதுன்னு நெனச்சேன். ஒதுங்கிப் போலாம்னு வலது பக்கம் ஏறுனேன்."

அவர் ஏறிய வலது பக்கத்தில்தான் எங்கள் வண்டியின் பாதி உடம்பு இருந்தது.

*

விபத்து நடந்த இடத்துக்கு நான் காலையில் போய்ச் சேர்ந்தேன். வலது விளக்கு ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. லென்சில் விரிசல். வந்தவர்கள், காவலர் உட்பட, எல்லோரும் மோதியதில்தான் அது உடைந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்வது இயல்பு. பின்னால் வந்து இடித்தவர் மேல்தான் தப்பு என்பது நம் சாலைகளில் கிட்டத்தட்டச் சட்டம் மாதிரி புழங்கும் நம்பிக்கை. "பனியில இவ்வளவு வேகமா வரலாமா?" என்று அவருடைய சொந்தக்காரர் ஒருவரே சொன்னார்.

நான் விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். மேல் காது உடைந்த பரப்பில் பசையும் அதன் மேல் படிந்த தூசியும் இருந்தன. புதிதாக உடைந்த பிளாஸ்டிக் அப்படி இருக்காது. என் பசை விட்டு நாட்கள் ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகு விளக்கின் முழு எடையையும் கீழ்க் காது ஒன்றே தாங்கி, ஆடி ஆடி, அதுவும் ஒடிந்து, பல்பு ஹோல்டர் நழுவி அணைந்திருக்கிறது. அணைந்தது மோதலுக்கு முன்னால். அவர் சொன்ன அந்த ஒற்றைச் சிவப்பு விளக்கு, மிச்சமிருந்த இடது விளக்கு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியும் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு தரப்பும் சமாதானமாகப் போவதாக எழுதிக் கொடுத்தோம். நான் மருத்துவமனைக்குப் போய் 10,000 ரூபாய் கொடுத்தேன். "ஒரு மனிதாபிமானத்துக்கு" என்று என் வாயால் சொல்லியே கொடுத்தேன். அவருடைய மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு எங்க பேருல இருந்தும் வந்து பாக்கறீங்களே சார்" என்றார்.

அந்தக் கும்பிடுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

*

இரண்டு வாரம் கழித்து, இடது விளக்கிலும் காதோரம் ஒரு மயிரிழை விரிசல் இருப்பதைக் கண்டு, பிளாஸ்டிக் வெல்டிங் செய்யும் ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனேன். வலது விளக்கையும் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

அவர் முதலில் பசையைப் பார்க்கவில்லை. விளக்கின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து எழுத்தைத் தேடினார். வாகனங்களின் பிளாஸ்டிக் பாகங்களில் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைச் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். இதில் உடல் பகுதி ஏபிஎஸ், சிவப்பு லென்ஸ் அக்ரிலிக். "ஏபிஎஸ்னா பொழைக்கும். பிபின்னா எந்தப் பசையும் ஒழுங்கா ஒட்டாது, உருக்கித்தான் சேக்கணும். எழுத்தைப் பாக்காம பசையை எடுக்கக் கூடாது வாத்தியாரே" என்றார். நான் பார்த்திருக்கவில்லை.

இரண்டாவதாக அவர் கேட்டது, "ஏன் ஒடஞ்சுது?"

"இடிச்சதுல."

"இடிச்சது ஒரு நாள். அப்புறம் ஏன் விட்டுப்போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அவர் வண்டியின் பின்னால் போய்க் குனிந்து, விளக்கு உட்காரும் இரும்புத் தகட்டில் ஒரு ஸ்கேலை வைத்துக் காட்டினார். மேடையில் இடித்ததில் தகடு ஒரு விரல் அளவு வளைந்திருந்தது. வளைந்த தகட்டில் நேரான விளக்கை வைத்துப் போல்ட்டை முடுக்கினால், காது எப்போதும் இழுவிசையிலேயே இருக்கும். அதற்கு மேல் சாலையின் அதிர்வு. "இதுல நீ தங்கத்தை உருக்கி ஊத்துனாலும் நிக்காது" என்றார்.

பொருட்கள் பெரும்பாலும் பேரடியில் உடைவதில்லை. ஒரே சிறிய விசை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும்போது, கூர்மையான ஒரு மூலையில் விரிசல் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கொஞ்சமாக முன்னேறுகிறது. 1954இல் சில மாத இடைவெளியில் இரண்டு காமெட் ரக விமானங்கள் மத்தியதரைக் கடலில் நொறுங்கி விழுந்ததற்குக் காரணம் இந்த வகைச் சோர்வுதான் என்று விசாரணையில் தெரிந்தது. மயிலிறகையே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற உவமை குறளில் உண்டு. அங்கே இறகு மேல் இறகாகச் சுமை ஏறுகிறது. இங்கே சுமை ஏறவே இல்லை. ஒரே இறகு திரும்பத் திரும்ப வந்து விழுகிறது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

பெரியவர் முதலில் தகட்டை நிமிர்த்தினார். பிறகு இடது விளக்கின் விரிசல் முடியும் இடத்தில் மிகச் சின்னதாக ஒரு துளை போட்டார். எனக்கு அது விநோதமாக இருந்தது. உடைந்துகொண்டிருப்பதில் இன்னொரு ஓட்டையா?

"முனை கூரா இருக்குற வரைக்கும் விரிசல் ஓடிக்கிட்டே இருக்கும். முனையை உருண்டையாக்கிட்டா அங்கயே நின்னுரும்."

பழைய விளக்கு ஒன்றிலிருந்து ஏபிஎஸ் சீவல்களை எடுத்து அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கியிருந்தார். அந்தக் கூழ் வெறும் பசை இல்லை. அசிட்டோன் இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடும். லென்ஸ் மேல் மட்டும் படக் கூடாது, அக்ரிலிக் வெளுத்து வெடிப்பு விட்டுவிடும். பின்பக்கத்தில் ஒரு துண்டு எவர்சில்வர் வலையைச் சால்டரிங் அயனால் பிளாஸ்டிக்குக்குள் அழுத்திப் புதைத்து, அதன் மேல் கூழைப் பூசினார். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுநாள் காதுக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் வாஷர் வைத்துப் போல்ட்டைப் போட்டார். முடுக்கும்போது விரலால்தான் கடைசிச் சுற்று. முடித்ததும் விளக்கைப் பிடித்து நன்றாக ஆட்டினார். காதை வைத்துச் சத்தம் கேட்டார். "ஒரு வாரம் ஓடிட்டு வா. திரும்பப் பாக்கணும்."

வலது விளக்கை அவர் தொடவில்லை. "லென்ஸ் வெடிச்சிருச்சு. செவப்புக்கு நடுவுல வெள்ளை வெளிச்சம் அடிக்கும். பின்னால வர்றவனுக்குக் குழப்பம். இதுக்குப் புதுசுதான்." பழுது பார்த்துப் பிழைக்கிறவர், பழுது பார்க்கக் கூடாததைப் பார்த்தவுடன் சொன்னார்.

என் வேலைக்கும் அவர் வேலைக்கும் உள்ள வேறுபாடு திறமையில் மட்டும் இல்லை. நான் பொருளிடம் எதையும் கேட்கவில்லை. நீ எதனால் ஆனாய், ஏன் உடைந்தாய், இப்போது எப்படி இருக்கிறாய் என்ற மூன்றையும் அவர் கேட்டார். நான் உடைந்ததைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு அதற்குப் பழுதுபார்த்தல் என்று பெயர் வைத்தேன். ஒட்டிய பிறகு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கையால் ஆட்டிப் பார்த்திருந்தால் போதும், விட்டிருப்பது தெரிந்திருக்கும். நான் ஆட்டிப் பார்க்கவில்லை. ஆட்டினால் விட்டுவிடுமோ என்ற ஐயம் உள்ளே எங்கோ இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

*

1877இல் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், நம்பிக்கையின் அறத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறான். கப்பல் பழையது, செப்பனிட வேண்டும் என்ற சந்தேகம் அவனுக்கு உண்டு. ஆனால் இதுவரை எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல், இந்த முறையும் வரும் என்று தன்னைத் தானே தேற்றி, மனதார நம்பி, குடியேறிகளை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் உண்மையாகவே நம்பினான் என்பது அவனைக் காப்பாற்றாது, ஏனென்றால் அப்படி நம்புவதற்கு அவனுக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் அணுவளவும் குறையாது என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

முதல் பாதி என்னை நேராகத் தைக்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஆபத்து தரக்கூடிய குறை வண்டியில் இருப்பது தெரிந்திருந்தால் மட்டுமல்ல, சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் பொறுப்பு உண்டு. ஓட்டியவருக்கு மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவருக்கும். தெரியாது என்று சொல்ல எனக்கு வழி இல்லை. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

இரண்டாம் பாதியில்தான் எனக்குத் தடுமாற்றம். அன்று அந்த பைக் வராமல் இருந்திருந்தால்? தம்பி பாலக்காடு போய்ச் சேர்ந்து, விடிந்ததும் தொங்குகிற விளக்கைப் பார்த்து, "ணா, உங்க பசை விட்டுருச்சு" என்று கேலி செய்திருப்பான். நானும் சிரித்துவிட்டுப் புது செட் வாங்கியிருப்பேன். அதே பசை, அதே சோம்பல், அதே கஞ்சத்தனம். இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரே கருத்தரங்கில் இந்தச் சிக்கலை விவாதித்தார்கள். இருவருக்குமே உதாரணமாக ஒரு லாரி டிரைவர் கிடைத்தார் என்பது எனக்கு ஆச்சரியம். வில்லியம்ஸின் டிரைவர் எந்தத் தவறும் செய்யாமல் ஒரு குழந்தை மீது ஏற்றிவிடுகிறார். பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும் வருத்தம் உண்டு, ஆனால் டிரைவரின் வருத்தம் வேறு வகை. தன் கை வழியாக நடந்தது என்பதால் வரும் வருத்தம் அது. நேகலின் டிரைவர் பிரேக்கைச் சோதிக்காமல் விட்டவர். குழந்தை குறுக்கே வராத நாட்களில் அதே அலட்சியத்துக்கு அவர் தன்னை லேசாக மட்டுமே நொந்துகொள்ள வேண்டியிருக்கும். நம் கையில் இல்லாத ஒன்று நம் குற்றத்தின் எடையை எப்படிக் கூட்ட முடியும் என்பது கேள்வி.

பல இரவுகள் யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இது. குற்றம் வேறு, கடன் வேறு. குற்றத்தைப் பொறுத்தவரை கிளிஃபோர்ட் சொல்வதே சரியாக இருக்கலாம். அது அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு பைக் வந்தாலும் வராவிட்டாலும் அதன் அளவு ஒன்றுதான். ஆனால் கடன் என்பது ஓர் ஆளிடம் படுவது. பைக் வராத இரவில் என் குற்றத்துக்குக் கடன்காரர் இல்லை. பைக் வந்த இரவில் அதற்கு ஒரு முகம், ஒரு தோள்பட்டை, வேலைக்குப் போக முடியாத இரண்டு மாதம் வந்துவிட்டன. மனசாட்சியோடு பேசித் தீர்த்துக்கொள்வது குற்றத்துக்கு ஒருவேளை போதும். கடன் பட்டவனுக்கு அது போதாது. அவன் எழுந்து ஒரு வீட்டுக்குப் போக வேண்டும்.

*

தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்னால் போனேன். சாலை முழுக்கப் பழனிக்கு நடந்து போகிறவர்கள். அவர்கள் முதுகுப் பையிலும் தடியிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். என் வண்டி வெளிச்சம் பட்டதும் வரிசையாக மின்னியது. முதுகில் ஒட்டியிருப்பதை ஒட்டியவர் பார்க்க முடியாது. தனக்கு அது வழி காட்டுவதும் இல்லை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பின்னால் வரும் முகம் தெரியாதவனுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். அவனுக்காகவும் தனக்காகவும்.

வண்டியில் முன்விளக்கு போனால் டிரைவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். பின்விளக்கு போனால் யாராவது சொல்ல வேண்டும். பின்னால் காட்டும் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கிறது விதி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்தத் தூரத்தைக் கடக்க 9 விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அந்த 9 விநாடி அவருக்குச் சேர வேண்டியது. ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கிறேன் என்று அவருடைய 9 விநாடியிலிருந்து எடுத்திருக்கிறேன். சிக்கனம் என்னுடைய பொருளில் நான் செய்வது. இது அது இல்லை.

அவர் கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். காது, பசை, கேபிள் டை, தூசி படிந்த உடைவு, எல்லாம். விளக்கையும் எடுத்துப் போயிருந்தேன். அவர் நல்ல கையால் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் சொன்னது நெசந்தான்" என்றார். "ஒரு லைட்டுதான் எரிஞ்சுது. நான் இத்தன நாளா எனக்கே கண்ணு சரியாத் தெரியலையோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கோபத்துக்குத் தயாராக வந்திருந்தேன். என் மௌனம் அவருடைய கண் மேலேயே அவருக்குச் சந்தேகத்தை வைத்திருந்தது.

கேள்வி கேட்டது அவர் மனைவிதான். "அப்ப அந்தப் பத்தாயிரம் நீங்க குடுத்தது இல்லைங்களா? குடுக்க வேண்டியதுங்களா?"

"குடுக்க வேண்டியதுதாங்க. அதுகூடப் பத்தாது."

"நான் கும்பிட்டேனே சார்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். காபி வரவில்லை. வராததும் சரிதான்.

*

வண்டியின் காப்பீட்டிலிருந்து அவருக்கு இழப்பீடு கேட்க வழி உண்டு. நானே சொன்னேன். அவர்கள் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார்கள். தீர்ப்பாயத்தில் என்னைக் கூப்பிட்டால் மேசையில் இருக்கும் இந்த விளக்கோடு போய் நடந்ததைச் சொல்வேன். அதற்காகத்தான் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

இதில் எல்லாம் தெளிவாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னது நான். ஆனால் அன்று வண்டி ஓட்டியது தம்பி. விவகாரம் மறுபடி கிளம்பினால் முதலில் கேட்கப்படுவது அவன் லைசென்ஸ். "புதுசு போட்டுரலாம்னு சொன்னது நான்தானே ணா. இப்ப நல்லவன் ஆகறது நீங்க, கோர்ட்டுக்கு நிக்கறது நானா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். தார்ப்பாயைத் தவிர அவன் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை. என் மனம் லேசாவதற்கு இன்னொருவன் தலையில் பாரம் ஏற்றுகிறேனா என்று இப்போதும் யோசிக்கிறேன். புது விளக்கு கேட்டவன் அவன், மறுத்தவன் நான் என்று முதல் வரியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். அது அவனை எவ்வளவு காப்பாற்றும் என்று தெரியாது. அவன் என்னோடு பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வண்டியை மட்டும் ஓட்டுகிறான்.

பெரியவர் வேலை செய்த இடது விளக்கு இன்னும் அசையாமல் நிற்கிறது. வலது பக்கம் புதிது. பழுது பார்ப்பதில் எனக்கிருந்த நம்பிக்கை போய்விடவில்லை. ஆனால் ஒட்டியதை மறுவாரம் ஆட்டிப் பார்க்கத் தயாராக இல்லாதவன் எதையும் ஒட்டக் கூடாது என்று நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் லோடு ஏறும் நேரத்துக்கு மார்க்கெட்டுக்குப் போகிறேன். பிரேக் லைட்டைத் தனி ஆளாகச் சோதிக்க முடியாது. ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். தம்பி ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், மிதிக்கிறான். நான் பின்னால் நின்று இரண்டு விளக்கையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: "எரியுதுடா. ரெண்டும் எரியுது."

அவன் பதில் சொல்வதில்லை. ஆனால் நான் சொல்லும் வரைக்கும் காலை எடுப்பதும் இல்லை.